காற்றாலையில் முதலிடம் குஜராத்துக்குப் போனது ஏன்? பேங்கிங், ரீபவரிங், பேக்டவுன்: கணக்கோடு பேசுவோம்

#1 ஆரல்காற்று

2024 மார்ச் முடிவில் குஜராத்தின் காற்றாலை நிறுவுதிறன் 11,700 மெகாவாட்டைத் தாண்டியது. தமிழ்நாடு 10,600 அளவில் நின்றது. 1986-இல் தூத்துக்குடியில் 55 கிலோவாட் இயந்திரங்களோடு தொடங்கி, பல வருடம் நாட்டிலேயே முதலில் இருந்த மாநிலம் இது.

ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு கணவாய்கள், கம்பம் பள்ளத்தாக்கு எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. வைகாசியில் தொடங்கி புரட்டாசி வரை அடிக்கிற காற்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் அந்தக் காற்று அடிக்கிற முதல்தர நிலம் முழுக்க 1990-களில் நட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்களால் பூட்டிக்கிடக்கிறது. புதிய இயந்திரங்களுக்கு இரண்டாம் தர நிலம்தான் மிச்சம்.

பழைய 225 கிலோவாட் இயந்திரத்தின் இறக்கை வட்டத்தின் விட்டம் 27 மீட்டர், கோபுரம் 31.5 மீட்டர். இப்போதைய 3 மெகாவாட் இயந்திரத்துக்கு விட்டம் 144 மீட்டர், கோபுரம் 140 மீட்டர். இறக்கை வாரும் பரப்பு 573 சதுர மீட்டரில் இருந்து 16,286-க்குப் போகிறது, ஏறத்தாழ 28 மடங்கு. உயரம் கூடுவதால் வேகமும் கூடும். உயரத்தோடு வேகம் எவ்வளவு கூடும் என்பதற்கான வழக்கமான ஏழில் ஒரு பங்கு அடுக்கு விதியை (உயர விகிதத்தின் 1/7 அடுக்கு) போட்டால் 31.5-இல் இருந்து 140 மீட்டருக்கு வேகம் 24 சதவீதம் அதிகம். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுவதால் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது 1.9 மடங்கு.

ஆக, முதலிடத்தை மீட்பது புது நிலம் தேடுவதில் இல்லை, ரீபவரிங்கில், அதாவது பழைய இயந்திரங்களைக் கழற்றி அதே இடத்தில் பெரிய புதியவை நடுவதில் இருக்கிறது என்பது என் வாதம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கணக்கோடு வாருங்கள்.

#2 உடுமலை22

வாதம் சரி. ஆனால் அந்த 1.9 மடங்கை அப்படியே எடுத்து முதலீட்டுக் கணக்கில் போட்டுவிடாதீர்கள். கணவாய் வாயில் காற்று பிதுங்கி வருகிற இடத்தில், உயரத்தோடு வேகம் கூடுவது சமவெளியில் கூடுகிற அளவுக்கு இருக்காது. ஆரல்வாய்மொழி வாயிலும், பல்லடம் பக்கத்து மேட்டு நிலத்திலும் ஒரே அடுக்கு எண் செல்லாது. குறைந்தது ஒரு முழு வருடம் 100 மீட்டருக்கு மேல் மாஸ்ட் (அளவுக் கம்பம்) நட்டோ லைடார் (லேசரால் காற்றை அளக்கும் கருவி) வைத்தோ அளந்துவிட்டுத்தான் இயந்திரத்தைத் தேர்வு செய்ய வேண்டும். பழைய இயந்திரத்தின் உற்பத்திக் கணக்கை வைத்துப் புதியதை ஊகிப்பதுதான் அதிகம் நடக்கிற தவறு. பழையது கியர்பாக்ஸ், யா மோட்டார் (இயந்திரத்தைக் காற்றுப் பக்கம் திருப்புவது), கன்ட்ரோலர் கார்டு பழுதில் எத்தனை நாள் நின்றது என்பது அந்த யூனிட் கணக்கில் தெரியாது.

இடைவெளி விதி இன்னொரு சிக்கல். இங்கே நடைமுறையில் உள்ளது 5 விட்டம் × 7 விட்டம். பழையதற்கு 135 × 189 மீட்டர், அதாவது 6.3 ஏக்கர். புதியதற்கு 720 × 1,008 மீட்டர், 179 ஏக்கர். எனவே ஒரு புதிய இயந்திரம் நிற்க 28 பழைய இயந்திரங்கள் போக வேண்டும். 28 × 225 கிலோவாட் 6.3 மெகாவாட் ஆகிறது. அதைக் கழற்றி 3 மெகாவாட் நட்டால் நிறுவுதிறன் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

உற்பத்தி கூடும், அதில் சந்தேகமில்லை. பழையதற்கு 12 சதவீதப் பயன்பாட்டுக் காரணி (வருடம் முழுக்க முழுத்திறனில் ஓடினால் வருவதில் உண்மையில் கிடைக்கும் பங்கு) என்று வைத்தால் 28 இயந்திரமும் சேர்ந்து வருடத்துக்கு 66 லட்சம் யூனிட். புதியது 35 சதவீதத்தில் 92 லட்சம். யூனிட் 26 லட்சம் ஏறும்போது மெகாவாட் பாதியாகிறது. "மாநிலத்தில் எத்தனை மெகாவாட்" என்று வரிசைப்படுத்துகிற பட்டியலில் ரீபவரிங் செய்கிற மாநிலம் பின்னுக்குப் போவதுபோலத் தெரியும். முதலிடத்தை மெகாவாட்டில் அளப்பதையே நிறுத்த வேண்டும் என்பேன்.

சாலை ஓரத்து இயந்திரங்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. கோபுர உயரம், இறக்கை வட்டத்தின் விட்டத்தில் பாதி, அதோடு 5 மீட்டர்: இந்தத் தூரம் பொதுச் சாலை, ரயில் பாதை, மின்பாதை, கட்டிடம் எல்லாவற்றில் இருந்தும் விட வேண்டும் என்பது 2016-இல் மத்திய அமைச்சகம் தந்த வழிகாட்டுதல். பழையதற்கு அது 50 மீட்டர். புதியதற்கு 217. காவல்கிணறு – நாகர்கோவில் சாலையில் முப்பந்தல் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், சாலையை ஒட்டி நிற்பவற்றில் எத்தனை இதில் தேறும் என்று. குடியிருப்புத் தொகுப்பில் இருந்து 500 மீட்டர் என்பது தனி.

#3 தென்காசியான்

ஒரு சந்தேகம் அண்ணே. யூனிட் 40 சதவீதம் கூடுகிறது, பழைய இயந்திரம் 25 வருடம் ஓடிக் களைத்துவிட்டது. அப்படியிருந்தும் உரிமையாளர்கள் ஏன் தாங்களாகவே மாற்றவில்லை? பணம் இல்லாததாலா, அனுமதி கிடைக்காததாலா?

#4 மில்கணக்கர்

பேங்கிங்தான் தம்பி காரணம். நூற்பாலைப் பக்கம் இருந்து சொல்கிறேன்.

தமிழ்நாட்டுக் காற்றாலைகளில் பெரும்பகுதி மில்களின் சொந்தப் பயன்பாட்டுக்கு நட்டவை. மில் வருடம் முழுக்க ஒரே சீராக ஓடும், காற்று ஐந்து மாதம் மட்டும் அடிக்கும். நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்பியது பேங்கிங். ஏப்ரல் முதல் மார்ச் வரை உபரி யூனிட்டை மின்வாரியத்திடம் விட்டுவைத்து, காற்று இல்லாத மாதத்தில் எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கட்டணமாக யூனிட்டிலேயே பிடித்துக்கொள்வார்கள். மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 ஆணையில் அது 14 சதவீதம்.

உதாரணக் கணக்கு: மாதம் 4 லட்சம் யூனிட் வீதம் வருடத்துக்கு 48 லட்சம் இழுக்கிற மில், 2 மெகாவாட் காற்றாலை, வருட உற்பத்தி 50 லட்சம். மாதவாரியாக (லட்சம் யூனிட்):

ஏப்ரல் 1.5, மே 5, ஜூன் 8.5, ஜூலை 9.5, ஆகஸ்ட் 9, செப்டம்பர் 6.5, அக்டோபர் 3, நவம்பர் 1.5, டிசம்பர் 1.5, ஜனவரி 1.5, பிப்ரவரி 1.2, மார்ச் 1.3.

மே முதல் செப்டம்பர் வரை உபரி 18.5 லட்சம். 14 சதவீதம் போக 15.9 லட்சம் கையில் நிற்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை பற்றாக்குறை சரியாக 14 லட்சம். முழுவதும் அடைபட்டு, 1.9 லட்சம் மிஞ்சும். ஏப்ரலில் மட்டும் 2.5 லட்சம் வெளியில் வாங்க வேண்டும், ஏனென்றால் பேங்கிங் கணக்கு மார்ச்சோடு மூடிவிடும். (வீலிங் இழப்பை, அதாவது வாரியத்தின் கம்பி வழியாக மில்லுக்குக் கொண்டுவரும்போது போவதை, இங்கே சேர்க்கவில்லை. சேர்த்தால் கொஞ்சம் இறங்கும்.)

இதே இயந்திரத்துக்கு மாதாந்திர பேங்கிங் மட்டும் என்றால் அந்த 18.5 லட்சமும் அடுத்த மாதத்துக்குப் போகாது. குளிர்காலத்து 14 லட்சத்தையும் எச்.டி. (உயர் அழுத்த இணைப்பு) கட்டணத்தில் வாங்க வேண்டும். யூனிட் 7 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் வருடத்துக்கு 98 லட்சம் ரூபாய்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2018 ஆணை, 1.4.2018-க்கு முன் ஓடத் தொடங்கியவை, பின் தொடங்கியவை என்று கோடு போட்டது. அதன்மேல் வழக்குகளும் நடந்தன. பழைய இயந்திரத்தைக் கழற்றிப் புதியது நட்டால் இயக்கத் தேதி புதிதாகும். புதிய தேதி என்றால் 12 மாத பேங்கிங் போய்விடும் என்பது உரிமையாளர்களின் பயம். 26 லட்சம் யூனிட் கூடக் கிடைக்கும் என்பதற்காகக் கையில் இருக்கிற பேங்கிங்கை யார் விடுவார்கள்? அதனால்தான் 12 சதவீதத்தில் ஓடுகிற இயந்திரத்துக்குப் பழைய உதிரிபாகம் தேடித் தேடி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

#5 கட்டுப்பாட்டறை

மில்கணக்கர் சார் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த 14 லட்சம் யூனிட் குளிர்காலத்தில் எங்கிருந்து வருகிறது என்பதையும் எழுத வேண்டும்.

ஜூலையில் உங்கள் உபரி கிரிட்டுக்குள் (மின்தொகுப்புக்குள்) வரும்போது வாரியம் ஏதோ ஓர் அனல் அலகைக் குறைக்கிறது. அதில் மிச்சமாவது நிலக்கரிச் செலவு மட்டும். நிலையான கட்டணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் நீங்கள் திருப்பிக் கேட்கும்போது தேவை ஏறிக்கொண்டிருக்கும், காற்று இருக்காது. மாலை 7 மணிக்கு மின்சந்தையில் விலை 10 ரூபாய் உச்சவரம்பைத் தொடும் நாட்களில் வாங்கித்தான் தர வேண்டும். 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். காற்று சீசன் இன்னும் முழுதாகத் தொடங்காத நேரம் அது. வெயிலின் உச்சத்துக்கும் காற்றின் உச்சத்துக்கும் நடுவில் ஒன்றரை, இரண்டு மாதம் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியின் செலவு மற்ற நுகர்வோர் தலையில் விழுகிறது.

"பேட்டரி வந்தால் தீர்ந்துவிடும்" என்று பலர் எழுதுகிறார்கள், அளவைப் பார்க்காமல். 500 மெகாவாட், 2 மணி நேரப் பேட்டரி நிலையம் என்றால் ஒரு முறை நிரப்பினால் 10 லட்சம் யூனிட். மேலே சொன்ன ஒரே ஒரு 2 மெகாவாட் காற்றாலையின் சீசன் உபரி 18.5 லட்சம். பேட்டரி மதியச் சூரியனை இரவு 8 மணிக்கு நகர்த்தும், அதற்கு அது அருமையான கருவி. ஆடி மாதத்துக் காற்றை மாசி மாதத்துக்கு நகர்த்தாது. கடம்பாறை நீரேற்று நிலையமும் (4 × 100 மெகாவாட்) அப்படித்தான். இரவில் 4 யூனிட் கொடுத்து ஏற்றினால் உச்ச நேரத்தில் 3 யூனிட் திரும்ப வரும். அது நாள் கணக்கு, பருவக் கணக்கு அல்ல. பல வருடம் தாமதமான குந்தா (4 × 125) நீரேற்றுத் திட்டத்துக்கும் இதே வரம்பு.

#6 மில்கணக்கர்

ஒத்துக்கொள்கிறேன் சார். அதனால்தான் புதிதாக நடுபவர்களிடம் வருட உற்பத்தியை வருட நுகர்வோடு பொருத்தாதீர்கள், உச்ச மாதத்தோடு பொருத்துங்கள் என்று சொல்கிறேன். மாதாந்திர பேங்கிங் என்றால் ஜூலை உற்பத்தி 4 லட்சத்தைத் தாண்டக் கூடாது. மேலே உள்ள கணக்குப்படி 0.84 மெகாவாட் பங்கு போதும். கூடவே சூரியசக்தி வைப்பதாக இருந்தால் அதையும் இன்னும் குறைக்க வேண்டும். 1 மெகாவாட் சூரியசக்தி மாதம் 1.3 லட்சம் யூனிட் அளவில் தரும், அதுவும் காற்று இல்லாத ஜனவரி முதல் ஏப்ரல் வரை நன்றாகத் தரும். காற்று 0.55, சூரியன் 1 என்று கலந்தால் ஜூலையும் தாங்கும், பிப்ரவரியும் அவ்வளவு காயாது.

இதில் வழுக்குகிற இடங்கள் உண்டு.

மாதக் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து ஏமாறுவது முதலாவது. சரிக்கட்டல் சி-1 முதல் சி-5 வரை நேரப் பிரிவுவாரியாக நடக்கிறது. உச்ச நேரத்தில் உற்பத்தியானதைச் சாதாரண நேரத்துக்கோ இரவுக்கோ கழிக்கலாம். இரவில் உற்பத்தியானதை மாலை உச்ச நேரத்துக்குக் கழிக்க முடியாது. பகலில் மட்டும் வரும் சூரிய யூனிட் எத்தனை இருந்தாலும் மாலை உச்ச நேரத்துக்கு 25 சதவீதக் கூடுதல் கட்டணத்தோடு வாங்கித்தான் ஆக வேண்டும். காற்றுக்கு இங்கே மதிப்பு அதிகம். பாலக்காடு கணவாயில் சீசன் காற்று மாலையிலும் அடிக்கும்.

அடுத்தது குரூப் கேப்டிவ், அதாவது பலர் சேர்ந்து சொந்தப் பயன்பாட்டுக்கு நடுவது. 2005 மின்சார விதிகளில் 3-ஆம் விதிப்படி பயனாளிகள் குறைந்தது 26 சதவீத உரிமை வைத்திருக்க வேண்டும், வருட உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை எடுக்க வேண்டும். பல உறுப்பினர் சேர்ந்த அமைப்பு என்றால் ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஏற்ப, 10 சதவீதம் கூடக் குறைய எடுக்க வேண்டும். ஒரு மில் நாலு மாதம் மூடிக்கிடந்தாலே அந்த விகிதம் உடையும். 51-க்குக் கீழே போனால் அந்த வருடத்து மொத்த உற்பத்திக்கும் கேப்டிவ் தகுதி போய், கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் (மற்ற நுகர்வோரின் மானியத்துக்காக வாங்கும் கூடுதல் கட்டணம்) விழும். மார்ச்சில் கணக்குப் பார்த்துப் பயனில்லை. டிசம்பரிலேயே பார்த்துவிட வேண்டும், அப்போதுதான் மீதி மூன்று மாதத்தில் நுகர்வை நகர்த்த வழி இருக்கும்.

#7 ஆணைவாசகன்

குஜராத் விஷயத்துக்குத் திரும்புவோம். பேங்கிங் மட்டுமே காரணம் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

தமிழ்நாட்டுக் காற்றாலை வளர்ந்தது வருமானவரிச் சலுகையில். முதலீட்டை வேகமாகச் செலவாகக் கழிக்க விடும் துரித தேய்மானம் 80 சதவீதமாக இருந்த வருடங்களில் லாபம் உள்ள எந்தக் கம்பெனியும் மார்ச்சுக்குள் காற்றாலை நட்டு வரியைக் குறைத்தது. சலுகை போட்ட பணத்துக்குக் கிடைத்தது, எடுத்த யூனிட்டுக்கு அல்ல. காற்றை அளக்காமல் நெருக்கி நெருக்கி நட்டதற்கு இதுவும் ஒரு காரணம். 2009-இல் யூனிட்டுக்கு 50 காசு உற்பத்தி ஊக்கத்தொகை வந்தது. அது சரியான திருத்தம். 2012 ஏப்ரலில் தேய்மானம் 15 சதவீதமாக இறங்கியது, அந்த வருடம் நாடு முழுவதும் புதிய நிறுவல் ஏறக்குறையப் பாதியானது. 2014-இல் 80-க்குத் திரும்பி, 2017 ஏப்ரலில் 40 ஆனது.

2017-இல் ஆட்டமே மாறியது. பிப்ரவரியில் மத்திய அரசின் செக்கி (இந்திய சூரிய ஆற்றல் கழகம்) நடத்திய முதல் காற்றாலை ஏலத்தில் 3.46 ரூபாய்க்கு விலை விழுந்தது. இங்கே ஆணையம் நிர்ணயித்திருந்தது 4.16. ஏலத்தில் ஜெயித்தவர் எந்த மாநிலத்திலும் நடலாம், மத்தியத் தொகுப்பு மின்பாதைக் கட்டணமும் கிடையாது. 2025 ஜூன் 30 வரை இயக்கத்துக்கு வந்தவற்றுக்கு அந்த விலக்கு முழுமையாக இருந்தது, அதன்பின் வருடத்துக்கு 25 சதவீதப் புள்ளி வீதம் குறைகிறது. அப்படியென்றால் 300 மெகாவாட் நடுகிறவர் எங்கே போவார்? பெரிய துண்டாக, ஒரே கையில், அரசுத் தரிசு நிலம் கிடைக்கிற கட்ச் பக்கம் போவார். இங்கே இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் பட்டாவாகப் பல வாரிசுகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஆக, இங்கே வளர்ந்தது சிறு முதலீட்டாளரும் மில்லும். அங்கே வளர்ந்தது ஏலக்காரர். இரண்டுக்கும் வேண்டிய கொள்கை வேறு வேறு. குஜராத்தை அப்படியே நகல் எடுத்தால் இங்கே நிற்காது.

மின்பாதையிலும் நமக்குப் பழைய காயம் இருக்கிறது. தென்மண்டல கிரிட் நாட்டின் மற்ற பகுதிகளோடு ஒத்திசைவாக இணைந்ததே 2013 டிசம்பர் 31-இல், ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கே.வி. பாதை வழியாக. அதுவரை ஜூலைக் காற்றை வடக்கே பெரிய அளவில் அனுப்ப வழியில்லை.

#8 தென்காசியான்

பேக்டவுன் (உற்பத்தியைக் குறைக்க அல்லது நிறுத்த வைப்பது) பற்றி யாரும் எழுதவில்லையே. சீசனில் நல்ல காற்று அடிக்கும்போதே ஃபீடரை (காற்றாலைகளைத் துணை மின்நிலையத்தோடு இணைக்கும் பாதையை) நிறுத்திவிடுகிறார்கள். மஸ்ட் ரன், அதாவது காற்று, சூரிய மின்சாரத்தைக் குறைக்காமல் எடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் இழப்பீடு கேட்க முடியுமா?

#9 ஆணைவாசகன்

கேட்கலாம், முன்னுதாரணமும் இந்த மாநிலத்தில் இருந்தே வந்தது. சூரியசக்தி உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்ட் 2 அன்று தீர்ப்பு தந்தது. கிரிட் பாதுகாப்புக்காக இல்லாமல் வணிகக் காரணத்துக்காக உற்பத்தியைக் குறைத்த காலத்துக்கு, ஒப்பந்த விலையில் 75 சதவீதமும் 9 சதவீத வட்டியும் தரச் சொன்னது. அதே வருடம் அக்டோபரில் மத்திய அரசின் மஸ்ட் ரன் விதிகளும் வந்தன.

கவனிக்க வேண்டியது "கிரிட் பாதுகாப்பு" என்ற சொல்தான். அலைவெண், மின்னழுத்தம், பாதையின் சுமை இவற்றில் எது வரம்பைத் தாண்டியது என்று ஒவ்வொரு முறைக்கும் காட்ட வேண்டிய பொறுப்பு நிறுத்தியவருடையது. அந்த வழக்கில் தேசிய கிரிட் இயக்குநரின் தரவுப் பகுப்பாய்வுதான் தீர்மானித்தது. வாய்ப் பேச்சு எதுவும் நிற்கவில்லை.

#10 உடுமலை22

அந்தத் தரவு பழைய காற்றாலை வைத்திருப்பவர்களிடம் இல்லை என்பதுதான் வேதனை. சூரியசக்தி நிலையத்தில் ஸ்காடா (தானாகத் தரவைப் பதியும் கண்காணிப்பு அமைப்பு) இருக்கும், கதிர்வீச்சுமானி இருக்கும். 250 கிலோவாட் பழைய இயந்திரத்தில் எதுவும் இருக்காது. துணை மின்நிலையத்தில் பிரேக்கரைத் திறந்தால் அந்த ஃபீடரில் உள்ள எல்லாமே நிற்கும். மாதக் கடைசியில் ரீடிங் எடுக்கும்போது யூனிட் குறைவாக இருக்கும், ஏன் என்று எழுத்தில் ஒன்றும் இருக்காது.

இழப்பீடு கேட்கும் எண்ணம் இருந்தால் சீசன் தொடங்குவதற்கு முன்பே இவற்றை ஏற்பாடு செய்யுங்கள். ஏ.பி.டி. மீட்டரின் (15 நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் மீட்டர்) லோடு சர்வே பதிவை மாதம் தவறாமல் இறக்கி வைக்க வேண்டும். மீட்டர் நினைவகத்தில் பழைய நாட்கள் அழிந்துகொண்டே வரும், ஆகஸ்டில் நின்றதை டிசம்பரில் தேடினால் கிடைக்காது. நிறுத்திய நேரம், திரும்பக் கொடுத்த நேரம் இரண்டையும் துணை மின்நிலையப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, அன்றைக்கே உதவிச் செயற்பொறியாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நாசலில் (கோபுர உச்சிக் கூண்டில்) உள்ள வேகமானி ஒழுங்காக வேலை செய்தால் வேகத்தை பவர் கர்வில் (எந்த வேகத்தில் எவ்வளவு மின்சாரம் என்ற வரைகோட்டில்) பொருத்தி, நின்ற நேரத்தில் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்கிடலாம். வேகமானி இல்லாத இடத்தில், அதே காற்றுப் பாதையில் நிற்காமல் ஓடிய பக்கத்து ஃபீடரின் 15 நிமிட உற்பத்தியை விகிதப்படுத்தலாம்.

இன்னொன்று: உங்கள் இயந்திரம் கெபாசிட்டர் பழுதால் நின்றதையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். ஒரு நாள் தப்பாகக் காட்டினாலும் மீதி நாட்களின் நம்பகத்தன்மை போய்விடும். கெபாசிட்டரைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். இண்டக்‌ஷன் ஜெனரேட்டர் கிரிட்டில் இருந்து ரியாக்டிவ் மின்னை (வேலை செய்யாமல் காந்தப்புலத்துக்காகப் போய்வரும் மின்னை) இழுக்கும், அதை ஈடுகட்டுவது கெபாசிட்டர். இழுப்பு உற்பத்தியில் 10 சதவீதத்துக்கு மேல் போனால் கட்டணம் இரட்டிப்பு. வருடத்தில் இரண்டு முறை ஒவ்வொரு கட்டத்தையும் கிளாம்ப் மீட்டரில் பார்த்தால் செத்த கெபாசிட்டர் தெரிந்துவிடும்.

#11 ஆரல்காற்று

எல்லோருக்கும் நன்றி. இப்போது ரீபவரிங்குக்கு வழி என்ன என்று பார்ப்போம். என் பார்வையில் மூன்று முடிச்சுகள்.

உடுமலை சார் சொன்ன 28 இயந்திரங்கள் ஒருவருக்குச் சொந்தமில்லை என்பது பெரிய முடிச்சு. 179 ஏக்கருக்குள் பத்துப் பன்னிரண்டு உரிமையாளர்கள் இருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி எச்.டி. எண், தனி வீலிங் ஒப்பந்தம், தனி பேங்கிங் கணக்கு. ஒருவர் மறுத்தாலும் திட்டம் நின்றுவிடும். டென்மார்க் 2000-களின் தொடக்கத்தில் இதற்கு நல்ல வழி கண்டது. சிறிய பழைய இயந்திரத்தைக் கழற்றியவருக்கு ஒரு சான்றிதழ் தந்தது. அதை வைத்துப் புதிய இயந்திரம் நடுகிறவருக்கு யூனிட்டுக்குக் கூடுதல் விலை கிடைத்தது. கழற்றுகிறவரும் நடுகிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. இங்கே 2024 ஆகஸ்டில் வந்த மாநில ரீபவரிங் கொள்கையில் இப்படி விற்கவும் வாங்கவும் கூடிய உரிமைச் சான்று சேர்ந்தால், 80 வயது உரிமையாளர் கடன் வாங்கிப் புதியது நட வேண்டியதில்லை. சான்றை விற்றுவிட்டு வெளியேறலாம்.

அடுத்தது கம்பி. பழைய இயந்திரங்கள் பல 11 கே.வி., 22 கே.வி. ஃபீடரில் இருக்கின்றன. கம்பி 300 ஆம்பியர் தாங்கும் என்று வைத்தால் 11 கே.வி.யில் 5.7 எம்.வி.ஏ. (ஏறத்தாழ அவ்வளவு மெகாவாட்), 33 கே.வி.யில் 17 எம்.வி.ஏ. இரண்டு புதிய இயந்திரத்தைக் கூட 11 கே.வி. ஃபீடர் தாங்காது. பாதையை 33-க்கு மாற்றி, துணை மின்நிலையத்தில் மின்மாற்றியைக் கூட்டி, அதற்கு மேலே 110 கே.வி. பாதையையும் பார்க்க வேண்டும். இந்தச் செலவை முதலில் வருகிற ஒருவர் தலையில் போட்டால் யாருமே முதலில் வர மாட்டார்கள்.

மூன்றாவது பேங்கிங். அதற்கு ஒரு யோசனை: கழற்றும் இயந்திரங்கள் கடந்த சில வருடத்தில் சராசரியாகத் தந்த யூனிட் அளவுக்கு மட்டும் பழைய 12 மாத பேங்கிங் தொடரட்டும். மேலே வருவதற்கு மாதாந்திர பேங்கிங். நம் உதாரணத்தில் 66 லட்சத்துக்குப் பழையது, 26 லட்சத்துக்குப் புதியது. உரிமையாளர் இருப்பதை இழக்க மாட்டார், வாரியத்துக்கும் புதுச் சுமை ஏறாது.

#12 கட்டுப்பாட்டறை

யோசனை நல்லது. வாரியத்தின் பக்கம் இருந்து இரண்டு நிபந்தனை சேர்க்கச் சொல்வேன்.

புதிய இயந்திரத்துக்கு மின்னழுத்தம் சரியும்போது கழன்றுகொள்ளாமல் தாங்கும் திறனும், ரியாக்டிவ் மின்னைத் தானே தரும் திறனும் கட்டாயம். ஒரு பாதையில் பழுது விழுந்து மின்னழுத்தம் சரிந்தால் பழைய இயந்திரங்கள் கூட்டமாகக் கழன்றுவிடும். 200 மெகாவாட் ஒரே நொடியில் போகும்போது, அதைத் தாங்குவதற்காகவே அனல் அலகுகளைக் கொஞ்சம் ஏற்றி வைத்திருக்கிறோம். பேக்டவுனுக்கு அதுவும் ஒரு காரணம். தூத்துக்குடியின் 5 × 210 மெகாவாட்டை 55 சதவீதத்துக்கு இறக்கினால் 578-க்கு வரும், காற்றுக்கு 472 மெகாவாட் இடம் கிடைக்கும். அதற்குக் கீழே போனால் அடுப்புச் சுவாலை நிலைக்க எண்ணெய் ஊற்ற வேண்டும். முழுதாக நிறுத்தினால் திரும்ப ஏற்றப் பல மணி நேரம். காற்று எப்போது விழும் என்பது முந்தைய நாளே தெரிந்தால்தான் அந்த முடிவை எடுக்க முடியும். அதனால் இரண்டாவது நிபந்தனை: ஒரு நாளின் 96 பதினைந்து நிமிடப் பிரிவுக்கும் முன்கணிப்பு தர வேண்டும், துணை மின்நிலைய அளவில் சேர்த்துத் தரலாம். தனித்தனி இயந்திரமாகக் கேட்டால் பிழை அதிகம் வரும். 100 இயந்திரத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்றின் பிழை இன்னொன்றில் கழியும்.

கம்பி பற்றி ஆரல்காற்று சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். காற்றாலை ஒன்றரை வருடத்தில் நட்டுவிடலாம், 400 கே.வி. பாதைக்கு நாலைந்து வருடம் ஆகும். விண்ணப்பம் வந்த பிறகு பாதை திட்டமிடுவது எப்போதும் பிந்தும். 2024-இல் பசுமை எரிசக்திக்கென்று தனிக் கழகம் பிரித்தாயிற்று. எந்தத் தாலுகாவில் எந்த வருடம் எத்தனை இயந்திரம் 25 வயதைத் தாண்டுகிறது என்ற பட்டியல் மீட்டர் எண்ணோடு அரசிடமே இருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்து 33 கே.வி. மேம்பாட்டை முன்கூட்டியே செய்யலாம். முதலிடம் என்று சொன்னால் நான் எதிர்பார்ப்பது இந்த வேலையைத்தான்.

#13 தென்காசியான்

"சராசரி யூனிட்" எந்த வருடங்களை வைத்து? பேக்டவுன் அதிகமாக இருந்த வருடத்தை எடுத்தால் உரிமையாளருக்கு நஷ்டம். பழுதில் நின்ற வருடத்தை எடுத்தாலும் அப்படியே.

#14 மில்கணக்கர்

சரியான கேள்வி தம்பி. ஏழு நிதியாண்டு எடுத்து, அதிகமான ஒன்றையும் குறைவான ஒன்றையும் விட்டுவிட்டு ஐந்துக்குச் சராசரி போடுவது நியாயமாக இருக்கும். பேக்டவுன் யூனிட்டைக் கூட்டிச் சேர்க்க வேண்டுமானால் உடுமலை சார் சொன்ன 15 நிமிடத் தரவு உள்ளவர்களுக்கு மட்டும் சேர்க்கட்டும். பழுதில் நின்றதற்குச் சேர்க்கக் கூடாது, அது உரிமையாளர் பொறுப்பு.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது: உற்பத்தி எண்ணை வீலிங் பில்லில் இருந்து எடுக்காதீர்கள். அதில் இழப்பும் பேங்கிங் கழிவும் போன பிறகுள்ள எண் இருக்கும். காற்றாலை மீட்டரின் மாத ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்குத் தாளில் நிகர யூனிட் இருக்கும். அதுதான் அடிப்படை. பெயர் மாற்றம் ஆன இயந்திரங்களுக்குப் பழைய எச்.டி. எண்ணில் உள்ள தாள்களையும் சேர்த்து வாங்க வேண்டும், பல கோப்புகளில் விற்பனைக்கு முந்தைய வருடங்கள் விட்டுப்போயிருக்கும். வட்ட அலுவலக வருவாய்ப் பிரிவில் இப்போதே எழுதிக் கேட்டு வாங்கி வையுங்கள். ஆணையம் கருத்து கேட்டு அறிவிப்பு வெளியிட்டபின் தரும் அவகாசத்துக்குள் ஏழு வருடத் தாளைத் திரட்ட முடியாது.